கோடியக்கரை உள்ளான்கள்: எந்த மாதம், எந்த இடம், எவ்வளவு தண்ணீர்?

கீழைக்காற்று:

"கோடியக்கரைக்குப் போனோம், பூநாரை பார்த்தோம், வெளிமான் பார்த்தோம், உள்ளான்கள் எல்லாம் தூரத்தில் ஒரே மாதிரி மண் நிறத்தில் இருந்தன, திரும்பிவிட்டோம்." இங்கே வரும் பயணக் குறிப்புகளில் பாதி இப்படித்தான் முடிகிறது. அவர்கள் மேல் குறை இல்லை. பெரும்பாலானவர்கள் போவது டிசம்பர் விடுமுறையில். பூநாரைக்கும் வாத்துக்கும் அது நல்ல நேரம். சேற்றோரம் மேயும் சிறு கரைப்பறவைகளான உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் அப்படிச் சொல்ல முடியாது. அதை விவரமாகப் பேசத்தான் இந்த இழை.

முதலில் இடத்தின் அமைப்பு. சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து கோடியக்கரையில் மேற்கே மடிகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே வேதாரண்யம் பெரிய சதுப்பு. அந்தச் சதுப்பு அப்படியே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை போகிறது. 1967இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2022இல் பள்ளிக்கரணை முதலிய இடங்கள் சேரும் வரை தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்த ஒரே இடம் இதுதான். ராம்சார் பரப்பு 385 சதுர கிலோமீட்டர். அதில் காடு சிறு பங்கு. பெரும்பகுதி சதுப்பும் சேற்றுவெளியும் உப்பளமும் அலையாத்தியும்.

கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வரும் பறவைக்கு இங்கே தரை முடிகிறது. தங்கிவிடலாம், இல்லையென்றால் வயிறார மேய்ந்துவிட்டு இலங்கைக்குத் தாண்டலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிடும் வேலைக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்து, 1980களில் ஆண்டுக்கணக்காக இங்கேயே முகாம் போட்டதற்குக் காரணம் இந்த முனைதான்.

இப்போது மாதக் கணக்கு. ஜூலை கடைசியிலேயே முதல் பறவைகள் இறங்கத் தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டம் ஏறிக்கொண்டே போகும். வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவின் வட விளிம்பில், பனி உருகும் தூந்திரத்தில் முட்டையிடும் பறவை. அதில் ஆண் அடைகாப்பதில்லை. ஆகவே ஆண்கள் முதலில் கிளம்பிவிடும். குஞ்சுகளை வளர்த்துவிட்டுப் பெண்கள் வரும். அந்த வருடம் பொரித்த குஞ்சுகள் கடைசி. தாயும் தகப்பனும் முன்னே போய்விட்டன. இதற்கு முன் கண்டிராத பாதையில் அவை தாமாகவே வந்து சேர்கின்றன. இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், இந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆகஸ்டில் போனால் முதிர்ந்த பறவைகளின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள் மிச்சமிருக்கும். இனப்பெருக்கக் கால இறகு உதிர்ந்து சாம்பல் இறகு முளைக்கும் நேரம் அது. அக்டோபருக்குள் எல்லாம் சாம்பலாகிவிடும். ஏப்ரலில் மறுபடி சிவப்பு ஏறும். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்று சொல்பவர்கள் ஒரே ஒரு முறை ஏப்ரல் முதல் வாரத்தில் போய்ப் பாருங்கள். வளைமூக்கு உள்ளான் செங்கல், மணல் உப்புக்கொத்திக்குக் கண்ணில் கறுப்புப் பட்டையும் மார்பில் காவியும், கல்திருப்பி உள்ளானின் முதுகு செம்பழுப்பு. அடையாளம் கண்டுபிடிப்பது பாதி எளிதாகிவிடும்.

ஆனால் மாதத்தைவிட முக்கியமானது தண்ணீரின் ஆழம். கொசு உள்ளானின் எடை 20, 30 கிராம். அதன் கால் உங்கள் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. தண்ணீர் இரண்டு விரற்கடையைத் தாண்டினால் அதற்கு அங்கே வேலை இல்லை. நாலு விரற்கடை வரை வளைமூக்கு உள்ளான் நிற்கும். பவளக்காலியும் பச்சைக்காலியும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். ஒரு சாண் என்றால் நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும். அதற்கு மேல் பூநாரை. போய் நின்றதும் முதலில் பறவையைத் தேடாதீர்கள். தண்ணீரைப் பாருங்கள். எங்கே சேறு பளபளவென்று ஈரமாக, மேலே மெல்லிய படலமாகத் தண்ணீரோடு இருக்கிறதோ, அங்கே தொலைநோக்கியை வையுங்கள்.

மதுரைச்செல்வி:

நல்ல இழை அண்ணா. ஆனால் ஒரு சந்தேகம். எந்தச் சுற்றுலாக் குறிப்பைப் பார்த்தாலும் நவம்பர் முதல் பிப்ரவரி என்றுதான் போட்டிருக்கிறது. எங்களுக்கு ஆகஸ்டில் லீவு கிடைக்காது. பிள்ளைகளோடு போக வேண்டுமென்றால் அரையாண்டு விடுமுறை அல்லது பொங்கல். அப்போது போனால் கரைப்பறவை எதுவுமே கிடைக்காதா?

கீழைக்காற்று:

கிடைக்காது என்று சொல்ல மாட்டேன் செல்வி. எங்கே தேடுவது என்பது மாறிவிடும்.

டெல்டாவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. வானத்து மழையோடு வடிகால் ஆறுகள் கொண்டுவரும் தண்ணீரும் சதுப்பில் இறங்கும். சேற்றுவெளி முழுக்க முழங்கால் தண்ணீர் ஆகிவிடும். சின்னக் கால்காரர்கள் அங்கே என்ன செய்வார்கள்? சிலது கடற்கரை மணலுக்குப் போகும், சிலது உப்பளத்து வரப்பு ஓரங்களுக்கு ஒதுங்கும், இன்னும் சிலது தெற்கே நகர்ந்துவிடும். அந்த நேரம் முனியப்பன் ஏரி மாதிரி நன்னீர் நிற்கும் இடங்களில் வாத்துகளைப் பார்க்கலாம்.

மழை ஓய்ந்து ஜனவரி நடுவிலிருந்து தண்ணீர் வற்ற ஆரம்பிக்கும். ஓரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுச் சேறு வெளியே வரும். அத்தனை வாரம் தண்ணீருக்குள் பெருகிய புழுவும் பூச்சிப் புழுவும் அந்த ஓரத்தில்தான் கிடைக்கும். அந்த ஈர விளிம்பைப் பிடித்துக்கொண்டே பறவைகளும் நகரும். ஆகவே பொங்கல் விடுமுறை தாராளமாகச் சரி. அரையாண்டு விடுமுறையில் போனால் பூநாரைக்காகப் போங்கள், உள்ளான் கிடைத்தால் லாபம்.

அகஸ்தியம்பள்ளியான்:

நான் இந்த ஊர். எங்கள் குடும்பமே உப்பளத்தில்தான். அண்ணன் எழுதியது சரி, ஆனால் உப்பளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூர் ஆட்கள் எல்லாரும் வந்து வெள்ளை வெளேரென்று உப்பு விளையும் பாத்திக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு "பறவையே இல்லையே" என்கிறார்கள். அங்கே எப்படி இருக்கும்?

கடல் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்து முதலில் பெரிய தேக்கத்தில் விடுவோம். அது வெயிலில் சுண்டச் சுண்ட அடுத்ததற்கு, அடுத்ததற்கு என்று போகும். ஒவ்வொன்றிலும் டிகிரி, அதாவது தண்ணீரின் உப்புச் செறிவு, ஏறும். உப்பு பூப்பது 24, 25 டிகிரிக்கு மேல். அந்தப் பாத்தித் தண்ணீரில் கை வைத்தாலே எரியும், அதில் எந்தப் புழுவும் பிழைக்காது. பறவை நிற்பது முதல் இரண்டு மூன்று தேக்கங்களில். அங்கே தண்ணீர் கடலைவிடக் கொஞ்சம் கரிப்பு, அவ்வளவுதான். சிவப்புப் புழு, சின்ன மீன் எல்லாம் இருக்கும். அடுத்த கட்டத்தில் மீன் இருக்காது, ஆனால் கடுகளவு உப்பு இறால் கோடிக்கணக்கில் இருக்கும். பூநாரை அதைத் தேடித்தான் வரும், கூடவே உள்ளானும்.

ஆகஸ்டில் பறவை ஏன் இங்கே கூடுகிறது என்பதற்கும் இதுவே காரணம். கோடையில் சதுப்பு காய்ந்து வெடித்துக் கிடக்கும், மேலே உப்புப் பொருக்கு. அந்தச் சமயத்தில் ஈரம் இருப்பது நாங்கள் இறைத்து விடும் இடத்தில் மட்டும்.

இன்னொன்று காற்று. பாக் நீரிணையில் ஓதம் ஏறி இறங்குவது பெரிதாகத் தெரியாது, ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால் சதுப்பு தட்டையான தரை. காற்று அடித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சோழகம் (தென்காற்று) பலமாக அடிக்கும்போது தென்பக்கம் சேறு வெளியே வரும், வாடை அடித்தால் மாறும். நேற்று பறவை நின்ற இடத்தில் இன்று தண்ணீர் நிற்கும். எங்கள் ஆட்கள் காலையில் வெளியே வந்ததும் காற்றுத் திசை பார்ப்பார்கள். பறவை பார்க்க வருகிறவர்களும் அதைப் பழகிக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

கீழைக்காற்று:

தம்பி, இதை எழுதியதற்கு ரொம்ப நன்றி. காற்றைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ஒளிச்சிமிழ்:

எனக்குப் படம்தான் முக்கியம். 600 மி.மீ. லென்ஸ் இருந்தும் கொசு உள்ளான் ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது. வரப்பின் மேல் பைக்கில் போனால் பக்கத்தில் போக முடியுமா? கூட்டமாக எழுந்து திரும்பும் படம் ஒன்று வேண்டும். வெள்ளையும் சாம்பலும் மாறி மாறி மின்னுமே, அது.

உமையாள்:

பைக்கில் வரப்பு ஏறாதீர்கள் தம்பி. கறாராகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன். வளையமிடும் முகாம்களில் உதவிக்குப் போய்ப் பறவையைக் கையில் பிடித்துப் பார்த்தவள் நான்.

கையில் பிடித்து வயிற்று இறகை மெல்ல ஊதினால் இறகு விலகித் தோல் தெரியும். கழுத்துக்குக் கீழே, கவை எலும்புக்கு நடுவில் ஒரு குழி இருக்கும். ஆகஸ்டில் வந்திறங்கிய பறவைக்கு அந்தக் குழி ஒட்டிப்போய்ச் சிவந்த தசையாகத் தெரியும். மார்பெலும்பு விரலில் கத்தி முனையாகக் குத்தும். ஏப்ரலில் அதே இனத்தைப் பிடித்தால் அந்தக் குழி மஞ்சள் கொழுப்பால் நிரம்பி மேலே உப்பி நிற்கும். சாதாரணமாக 50, 60 கிராம் இருக்கும் வளைமூக்கு உள்ளான் கிளம்பும் நேரத்தில் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அந்தக் கொழுப்புதான் வழிச்சாப்பாடு. நிற்காமல் பறக்கும் தூரம் முழுக்க அதை எரித்துத்தான் போக வேண்டும்.

நாம் ஒரு முறை கூட்டத்தை எழுப்பினால் அது இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறங்கும். மேய வேண்டிய நேரமும் போயிற்று, சேர்த்ததும் செலவாயிற்று. ஒருவர் எழுப்பினால் பெரிதில்லை என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே எத்தனை பேர் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே பைரி என்ற வேட்டைப் பறவை வந்து ஒரு பக்கம் விரட்டுகிறது, தெருநாய்கள் ஒரு பக்கம்.

பக்கத்தில் படம் வேண்டுமா? விடிவதற்கு முன் போய், சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி, சேற்று ஓரத்திலிருந்து தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். நிற்கக் கூடாது, உட்கார வேண்டும். அசையாமல் இருங்கள். தண்ணீர் ஒதுங்க ஒதுங்க மேய்ந்துகொண்டே அவை உங்கள் பக்கம் வரும். லென்ஸ் குவிக்க முடியாத அளவு பக்கத்தில் கொசு உள்ளான் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு நின்று நடக்கும் மனித உருவம்தான் பயம்.

ஒளிச்சிமிழ்:

அக்கா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் படம் எடுப்பவர்களை எல்லாம் தொந்தரவு செய்பவர்களாகப் பார்க்கும் வழக்கம் இங்கே இருக்கிறது, அதுவும் சரியில்லை. ஆய்வாளர்கள் பறவையின் காலில் கட்டிய நிறக்கொடியின் எழுத்தை யார் படிக்கிறார்கள்? தொலைநோக்கியில் பார்ப்பவர்களைவிடப் படம் எடுப்பவர்களே அதிகம். ஒரு நல்ல படம் இருந்தால் பத்து வருடம் கழித்துக்கூடச் சரிபார்க்கலாம்.

உமையாள்:

அதை நான் மறுக்கவே இல்லை. கொடி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. உலோக வளையத்தை மறுபடி பறவை கையில் சிக்கினால் ஒழியப் படிக்க முடியாது. நிறக்கொடி வந்த பிறகுதான் தூரத்திலிருந்தே தெரிகிறது. அப்படிப் படம் கிடைத்தால் நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: கொடியின் நிறம், எழுத்து, இடது காலா வலது காலா, மூட்டுக்கு மேலா கீழா. இரண்டு கொடி இருந்தால் எது மேலே எது கீழே என்பதும். எந்த நாட்டில் கட்டியது என்பதை நிறமும் வரிசையும் சேர்ந்துதான் சொல்லும். அதே உள்ளான் அதே இடத்துக்கு வருடா வருடம் திரும்பி வருகிறது என்பதை வளையத்தால்தான் கண்டுபிடித்தார்கள். என் வேண்டுகோள் ஒன்றே: பறக்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். பைரி வரும், அப்போது அவை தாமாகவே எழும். நீங்கள் கேட்ட மின்னல் படம் அப்போது கிடைக்கும்.

கொள்ளிடத்துப்பெண்:

புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவள், தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் இணைத்திருக்கிறேன். பம்ப் ஹவுஸ் பக்கம் எடுத்தது. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கீழே வளைந்த கறுப்பு மூக்கு, கறுப்புக் கால். புத்தகத்தில் டன்லின் என்று போட்டிருக்கும் படம் மாதிரியே இருக்கிறது. டன்லினா? கூடவே நின்ற சின்னது கொசு உள்ளானா டெம்மிங்க் உள்ளானா?

உமையாள்:

நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் டன்லின் மிக அரிது. அப்படித் தோன்றினால் முதலில் வளைமூக்கு உள்ளான் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உங்கள் இரண்டாவது படத்தில் அது இறக்கையைத் தூக்கியிருக்கிறது, பாருங்கள். வாலுக்கு மேலே இடுப்பு முழுக்க வெள்ளை. டன்லினுக்கு அந்த வெள்ளைக்கு நடுவே கறுப்புக் கோடு ஓடும். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமும் நன்றாகத் தெரிகிறது. வளைமூக்கு உள்ளான்தான். கழுத்தும் காலும் டன்லினைவிட நீளம், அதனால் வயிறு நனையும் அளவு தண்ணீரில் இறங்கி நிற்கிறது.

சின்னதுக்குக் கால் நிறம் பாருங்கள். கறுப்பு என்றால் கொசு உள்ளான், மஞ்சள் கலந்த பச்சை என்றால் டெம்மிங்க். உங்கள் படத்தில் கறுப்பு. சேறு ஒட்டினால் எல்லாக் காலும் கறுப்பாகத் தெரியும், அதனால் நடையையும் பாருங்கள். கொசு உள்ளான் திறந்த சேற்றில் துறுதுறுவென்று ஓடி மேலாகக் கொத்தும். டெம்மிங்க் புல் ஓரமாக, நன்னீர்ப் பக்கமாக, பதுங்கி மெதுவாக நடக்கும்.

நடையைப் பார்த்து இனம் சொல்லப் பழகுங்கள். கானல் ஏறிய பிறகு நிறமெல்லாம் கலங்கிவிடும், நடை கலங்காது. உப்புக்கொத்திக்குப் பெரிய கண், குட்டை மூக்கு. அது கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். நிற்கும்போது ஒரு காலை மட்டும் முன்னே நீட்டி ஈர மண்ணின் மேல் படபடவென்று நடுக்கும். அந்த அதிர்வில் உள்ளே இருப்பது அசையும், உடனே கொத்திவிடும். சேற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் காலைச் சுற்றித் தண்ணீர் சின்ன வளையங்களாகச் சிலிர்ப்பது தெரியும். உள்ளானுக்கு இந்த வேலை தேவையில்லை. அதன் மூக்கு நுனியிலேயே உணர்வு நரம்புகள் இருக்கின்றன. சேற்றுக்குள் கண் தெரியாத இடத்தில் புழு இருப்பதைத் தொட்டே கண்டுபிடிக்கும். அதனால்தான் தலையைத் தூக்காமல் வரிசையாகக் குத்திக்கொண்டே போகிறது. இரவிலும் மேயும்.

கொள்ளிடத்துப்பெண்:

இடுப்பு வெள்ளையைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அக்கா, கோடு இல்லை. நன்றி. கால் நடுக்குவதை நான் நோய் என்று நினைத்து வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்!

மன்னார்க்கடல்:

வணக்கம். நான் மன்னார். நீங்கள் கதைக்கிற பறவைகள் எங்கட பக்கம் வந்து சேருகிறதைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது எண்டு நினைக்கிறன்.

எங்களுக்கு வங்காலைச் சரணாலயம் இருக்குது. 2010இல் ராம்சார் இடமாக அறிவிச்சது. மன்னார்ப் பாலத்தடியில வாகனத்தை ஓரம் கட்டினாலே கருவால் மூக்கன் கூட்டம் கூட்டமாக நிக்கும். ஆனால் உங்களிடம் இல்லாத ஒண்டு எங்களிடம் இருக்குது. நண்டுதின்னி. கறுப்பும் வெள்ளையும், தடித்த கறுப்பு அலகு. கோடியக்கரையிலும் தனுஷ்கோடியிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் தலைமன்னாருக்கு அங்கால, ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் அது முட்டையே இடுகுது. மணலுக்குள்ள வளை தோண்டி ஒரேயொரு முட்டை. கரைப்பறவையில் வேறெதுவும் அப்படி வளை தோண்டி முட்டையிடுறதில்லை.

இன்னொன்று அனுமன் உப்புக்கொத்தி. முந்தி எல்லாரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் உள்ளூர் வகை எண்டுதான் எழுதினவை. 2023இல் மரபணு, அளவு, நிறம் எல்லாத்தையும் ஆராய்ந்து தனி இனம் எண்டு காட்டினார்கள். வலசை போகாது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டும் இருந்து, உப்பளத்திலும் கடற்கரையிலும் வெறும் தரையில் முட்டை போடும். குளிர்காலத்தில் வடக்கத்திக் கெண்டிஷும் வந்து சேர்ந்து நிக்கும். கோடையில் நீங்கள் பார்க்கிற குட்டைக்கால் வெண் உப்புக்கொத்தி அனுமன்தான். தமிழ்நாட்டுப் பக்கம் உள்ளவை இதைக் கவனிச்சு எழுதினால் பெரிய உதவி.

கவலையையும் சொல்ல வேணும். எங்கட தீவுக் கரையில் காற்றாலைகள் வந்திட்டுது, இன்னும் கொண்டுவரப் பேச்சு நடக்குது. பகலில் பறக்கிற பூநாரை சில வேளை விலகிப் போகும். இரவில கூட்டமாகக் கிளம்புகிற உள்ளான் என்ன செய்யும்? நீரிணைக்கு அந்தப் பக்கம் நீங்கள் எவ்வளவு பாதுகாத்தாலும், இந்தப் பக்கம் இறங்க இடமில்லாட்டி பிரயோசனமில்லை.

கீழைக்காற்று:

அண்ணை, எழுதினதுக்கு நன்றி. அனுமன் உப்புக்கொத்தியைக் கோடையில் தேடச் சொன்னது முக்கியமான குறிப்பு. அந்த மாதங்களில் இங்கே யாருமே போவதில்லை.

கோடையில் போக இன்னொரு காரணமும் இருக்கிறது. மே, ஜூனில் கோடியக்கரைக்குப் போனாலும் வளைமூக்கு உள்ளானும் மணல் உப்புக்கொத்தியும் கொஞ்சம் நிற்கும். அடிபட்டவையோ நோயாளிகளோ என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் முந்தைய வருடம் பொரித்த இளசுகள்தான். முதல் கோடையில் அவை வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும், சிவப்பும் ஏறாது. அடுத்த வருடம்தான் திரும்பும். அதாவது பனிரெண்டு மாதமும் இந்தச் சேறு யாருக்காவது தேவைப்படுகிறது.

திருச்சி_மாறன்:

"சைபீரியப் பறவைகள்" என்று செய்தித்தாள்கள் மொத்தமாகப் போடுகிறார்களே, எல்லாமே அங்கிருந்துதான் வருகிறதா?

உமையாள்:

இல்லை. வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி இவை ஆர்க்டிக் பக்கம். ஆனால் கோடியக்கரையில் மிக அதிகமாகப் பார்க்கும் மணல் உப்புக்கொத்தி பெரும்பாலும் இமயத்துக்கு அப்பால், திபெத்தியப் பீடபூமியைச் சேர்ந்தது. லடாக்கிலும் முட்டையிடும். முன்பு இதையும் சைபீரிய வகையையும் ஒரே இனமாக வைத்திருந்தார்கள். இப்போது திபெத்து மணல் உப்புக்கொத்தி, சைபீரிய மணல் உப்புக்கொத்தி என்று பிரித்துவிட்டார்கள். பறவைப் பதிவுத் தளமான இபேர்டிலும் அப்படியே. நம் கரையில் வருவது அநேகமாகத் திபெத்து. உலகத்தின் மிக உயரமான நிலத்தில் பொரித்த குஞ்சு கடல் மட்டத்துச் சேற்றில் வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது.

வயல்வரப்பு:

எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. வேதாரண்யம் பக்கத்துக் கிராமம். பழையதைச் சொல்கிறேன். எங்கள் சின்ன வயதில் ஆவணி, புரட்டாசியில் சிறுதலைக்காடு பக்கம் போனால் சேறே தெரியாது, அத்தனை உள்ளான். அப்போது கண்ணி வைத்துப் பிடித்து விற்றார்கள், கறிக்கு வாங்கினவர்களும் உண்டு. இப்போது கண்ணி வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படியானால் பறவை கூடியிருக்க வேண்டும் அல்லவா? குறைந்துதான் இருக்கிறது. இதற்கு உப்பளம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். சதுப்பை எல்லாம் வளைத்து வரப்புப் போட்டுவிட்டார்கள். நன்னீர் வரும் வாய்க்கால் எல்லாம் தடைப்பட்டுவிட்டது.

அகஸ்தியம்பள்ளியான்:

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன். உப்பளத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து இங்கே உப்பு அள்ளினார். அதற்கும் பல தலைமுறை முன்பிருந்து இங்கே உப்பு விளைகிறது, பறவையும் வந்துகொண்டுதான் இருந்தது. மேலே சொன்னேன், ஆகஸ்டில் ஈரம் இருப்பதே நாங்கள் இறைக்கும் தேக்கத்தில்தான். நாளைக்கு உப்புத் தொழில் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்திவிட்டு அங்கே இறால் பண்ணை வந்தால் என்ன ஆகும்? இறால் குட்டையில் இரண்டு முழம் தண்ணீர். ஒரு உள்ளானும் இறங்காது.

கீழைக்காற்று:

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, நடுவில் போய் இரண்டு பேரையும் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. 1980களின் வளையமிடும் காலத்தோடு ஒப்பிட்டால் கோடியக்கரையில் கரைப்பறவைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்பது ஆய்வுகளிலேயே பதிவான விஷயம். உலகளவிலும் அதே கதை. 2024இல் வெளியான சிவப்புப் பட்டியலில் வளைமூக்கு உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி, அகலமூக்கு உள்ளான் மூன்றும் அழியவாய்ப்புள்ள இனங்களாக ஏற்றப்பட்டன. நம் சேற்றில் கண்டு பழகிய பறவைகள் இவை. கரண்டிமூக்கு உள்ளான் ஒரு காலத்தில் இந்தச் சதுப்பில் பதிவான பறவை. இன்று உலகம் முழுக்கச் சேர்த்தாலே சில நூறுகள்தான் மிச்சம்.

என் பார்வை இது. சிறு பாத்திகளும், தண்ணீர் படிப்படியாக நகரும் பழைய முறையும் பறவைக்குத் தோதானவை. ஆனால் பெரிய அளவில் வரப்பு உயர்த்தி, ஆழமாகத் தேக்கி, எல்லாத் தண்ணீரையும் அதிக டிகிரிக்குக் கொண்டுபோகும்போது பறவைக்கு உதவும் குறைந்த கரிப்புப் பரப்பு சுருங்கிவிடுகிறது. அத்தோடு ஐயா சொன்ன நன்னீர். மழைக்காலத்தில் வந்து சேரும் ஆற்றுத் தண்ணீர்தான் சதுப்பின் உப்பைக் கழுவி, புழு பூச்சி பெருக வைப்பது. மேலே தண்ணீர் குறைந்தாலும், வாய்க்கால் தூர்ந்தாலும், ஜனவரியில் சதுப்பு வற்றும்போது அங்கே தின்ன ஒன்றும் இருக்காது. ஈரம் இருக்கும், இரை இருக்காது. அதனால் "உப்பளம் வேண்டும், வேண்டாம்" என்று பேசுவதைவிட, ஆகஸ்டிலும் ஏப்ரலிலும் எந்தத் தேக்கத்தில் நாலு விரற்கடைத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று உப்பளக்காரர்களும் வனத்துறையும் உட்கார்ந்து பேச வேண்டும். அது செலவு பிடிக்கும் வேலையே இல்லை. ஒரு மடையைத் திறந்து மூடும் வேலை.

வயல்வரப்பு:

மடை விஷயம் நல்ல யோசனை. தம்பி சொன்ன இறால் பண்ணை பயமும் எனக்கு உண்டு. ஆனால் வாய்க்கால் தூர் வாராமல் கிடப்பதை யாராவது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கஜா வந்து போன பிறகு (2018 நவம்பர்) காடு சாய்ந்ததைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். சதுப்புக்குள் மணலும் சேறும் வந்து மேடு தட்டியதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அந்த மேட்டுக்கு மேல் இப்போது சீமைக் கருவேலம்.

திருச்சி_மாறன்:

சரி, நடைமுறை விஷயம். கார் இல்லாமல் எப்படிப் போவது? யாரிடம் அனுமதி?

அகஸ்தியம்பள்ளியான்:

திருத்துறைப்பூண்டியிலிருந்து எங்கள் ஊர் வரை 2023 முதல் அகலப்பாதை ரயில் ஓடுகிறது. நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கிடையாது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பேருந்து உண்டு. வனத்துறையின் பூநாரை இல்லத்தில் தங்க முன்பதிவு வேண்டும். சரணாலயத்துக்குள் நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டுத்தான் போக வேண்டும். உப்பளப் பக்கம் தனியார் நிலமும் கலந்திருக்கிறது. கேட்டுவிட்டுப் போங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். வரப்பின் ஓரம் உடையும்படி நடக்காதீர்கள், அது எங்கள் உழைப்பு. செருப்பில் சேறு ஏறினால் வழுக்கும். குடிதண்ணீர் கையோடு எடுத்து வாருங்கள், உள்ளே கிடைக்காது.

உமையாள்:

8x42 இருவிழி போதும், ஆனால் உள்ளானுக்கு ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் பாதி மனநிறைவுதான். ஒரு குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும். காலை ஒன்பதரைக்கு மேல் உப்பு வெளியின் கானலில் எந்தக் கண்ணாடியும் உதவாது. அந்த நேரத்தைக் காட்டுக்குள் செலவழியுங்கள், மாலை நாலுக்கு மேல் திரும்பவும் சேற்றுக்கு வாருங்கள்.

கீழைக்காற்று:

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இபேர்டில் பட்டியல் ஏற்றும்போது குறிப்புப் பெட்டியில் தண்ணீரின் ஆழத்தைத் தோராயமாக எழுதுங்கள்: "விரற்கடை", "சாண்", "முழங்கால்" என்று போட்டாலே போதும். காற்றுத் திசையும். எண்ண முடியாத கூட்டத்துக்கு எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு மூலையில் நூறு எண்ணி, அந்த அளவு இடம் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்த்து மதிப்பு போடுங்கள். இனம் தெரியாதவற்றைச் "சிறு உள்ளான் வகை" என்று பதிவதில் தப்பே இல்லை. மதுரைச்செல்வி, பொங்கலுக்கு நீங்கள் வருவதாக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள். என்னிடம் ஸ்கோப் இருக்கிறது. பிள்ளைகளின் உயரத்துக்கு முக்காலியைத் தாழ்த்தி வைத்துத் தருகிறேன்.

மதுரைச்செல்வி:

வருகிறோம் அண்ணா. பெரியவன் இப்போதே டன்லினுக்கும் வளைமூக்கு உள்ளானுக்கும் இடுப்பு வரைந்து வைத்திருக்கிறான். எந்தப் பக்கம் நிற்பது என்று அன்றைக்குக் காற்றைப் பார்த்துவிட்டு அகஸ்தியம்பள்ளித் தம்பி சொன்னால் நேராக அங்கே வந்துவிடுவோம்.

அகஸ்தியம்பள்ளியான்:

முந்தின நாள் சாயங்காலம் பார்த்துவிட்டு இங்கே போடுகிறேன் அக்கா.